குளிர்காலத்தில் பிக்கப் ஓட்டுகிறவர்களுக்கு: ரயர், மண்மூட்டை, நாலு சில்லு

கனடாவுக்கு வந்து சேர்ந்து, கைவேலையில் இறங்குகிற எங்கள் ஆட்களில் பலர் தேடுவது ஒரு பழைய பிக்கப். ஊரில் கப் என்று சொல்வோமே, அதுதான். கூரை வேலை, ரைல்ஸ் பதிப்பது, வீடு மாறுவோருக்குச் சாமான் ஏற்றுவது, இரவில் கட்டடங்களைத் துப்புரவு செய்வது, வாகனத் தரிப்பிடங்களில் பனி தள்ளுவது என எதற்கும் அது உதவும். விலை குறைவாகக் கிடைப்பது பெரும்பாலும் பின்சில்லுகள் மட்டும் இழுக்கிற வகை. நவம்பர் வரைக்கும் அதில் ஒரு குறையும் தெரியாது. முதல் பனி விழுந்த அன்று, ஒரு சின்ன ஏற்றத்தில், பச்சை விளக்கு எரிந்த பிறகும் வண்டி நின்ற இடத்திலேயே நின்று பின்பக்கத்தை மட்டும் ஆட்டும்.

நான் இயந்திரம் படித்தவரில்லை. ஊடகக் கற்கை படித்துவிட்டு, இதே தளத்தில் காணியையும் காணாமல் ஆக்கப்பட்டோரையும் பற்றி எழுதி வந்த ஆள். ஸ்காபரோவில் இது எனக்கு ஐந்தாவது குளிர்காலம். ரயர் பற்றி எழுத வைத்தது கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய் வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு. மகன் வருகையாளர் விசாவில் வந்து, வேலை அனுமதி எடுத்து, இரவு வேலைக்குப் போகிறான். அந்த மாதம் காசு குறைத்து அனுப்பியிருக்கிறான். "வண்டியில ஏற்கெனவே நாலு ரயர் கிடக்குதாம், பிறகும் நாலு ரயர் வாங்கினவனாம். இது உண்மையோ பிள்ளை, இல்லாட்டி எனக்குப் பேய்க்காட்டுறானோ?" என்று கேட்டிருந்தார்.

உண்மைதான் அம்மா. ஏன் உண்மை என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. அங்கே காசை எதிர்பார்த்திருப்பவர்களும் இங்கே ஓட்டுகிறவர்களும் சேர்ந்தே வாசிக்கலாம்.

பின்பக்கம் ஏன் வழுக்குகிறது?

பிக்கப் பாரம் ஏற்றுவதற்கென்று செய்யப்பட்ட வண்டி. எஞ்சின், கியர்ப்பெட்டி, ஆட்கள் இருக்கும் கூடு எல்லாமே முன்னுக்கு இருக்கின்றன. பின்னால் இருப்பது வெறும் தட்டு. பாரமில்லாத நேரத்தில் வண்டியின் எடையில் ஏறத்தாழ 60 வீதம் முன்சில்லுகளிலேயே தங்கிவிடும். இழுக்க வேண்டிய பின்சில்லுகளை நிலத்தோடு அழுத்த மிச்சம் 40 வீதம்தான் இருக்கிறது. சில்லுக்கும் நிலத்துக்கும் இடையிலான பிடிப்பு இரண்டு விடயங்களில் தங்கியிருக்கிறது. ஒன்று, மேலிருந்து எவ்வளவு பாரம் அழுத்துகிறது என்பது. மற்றது, இறப்பரும் நிலமும் ஒன்றையொன்று எவ்வளவு பற்றுகின்றன என்பது. காய்ந்த தார் வீதியில் இந்தப் பற்றும் தன்மை 0.7 அளவில் இருக்கும். இறுகிய பனியில் 0.2 அல்லது 0.3. ஐஸில் 0.1, சில நேரம் அதிலும் குறைவு.

இதை நிற்பாட்டும் தூரமாக மாற்றிப் பார்த்தால்தான் உறைக்கும். 50 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற வண்டி, பிரேக் பிடித்த கணத்திலிருந்து காய்ந்த வீதியில் சுமார் 14 மீற்றரில் நிற்கும். இறுகிய பனியில் அது 40 மீற்றருக்குக் கிட்ட வரும். ஐஸில் 100 மீற்றருக்குக் கிட்ட. பிரேக்கில் கால் வைக்க எடுக்கும் நேரத்தை இதில் நான் சேர்க்கவில்லை.

வன்னியில் வயல் உழுதவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. சேற்றில் உழவு இயந்திரத்தின் பின்சில்லு சுற்றினால் என்ன செய்வோம்? இரும்புச் சில்லு பூட்டுவோம், ரயருக்குள் தண்ணீர் ஏற்றுவோம், மட்காட்டில் இரண்டு பேரை ஏறி இருக்கச் சொல்வோம். பிடிக்கிற பரப்பை மாற்றுவது, பாரத்தைக் கூட்டுவது. பனியிலும் இதே இரண்டு வேலைதான். வேகம் மட்டும் வேறு. சேற்றில் வழுக்கினால் நேரம் போகும். 401 நெடுஞ்சாலையில் வழுக்கினால் பக்கத்தில் ஓடுவது பதினெட்டுச் சில்லு லொறி.

முதற்செலவு ரயருக்கு

யாராவது என்னிடம் ஒரேயொரு செலவுக்குத்தான் காசிருக்கிறது என்று சொன்னால், நாலு வின்ரர் ரயர் என்றுதான் சொல்வேன். நாலு சில்லும் இழுக்கிற வண்டிக்கு மாறும் யோசனையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கோடையில் ஓடுகிற ரயரின் இறப்பரும், 'ஓல் சீசன்' என்று பெயர் போட்டு விற்கிற ரயரின் இறப்பரும் 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்குகின்றன. இறுகிய இறப்பர் வீதியின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்காமல் மேலே வழுக்கிக்கொண்டு போகும். வின்ரர் ரயரின் இறப்பர் கடுங்குளிரிலும் மென்மை குறையாதபடி கலக்கப்பட்டது. அதன் பூக்கட்டைகளில் கத்தியால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். பனியைக் கவ்வுவது அந்த வெட்டுகளின் விளிம்புகள். ஆகவே பனி விழாத, வெறுமனே குளிர்ந்த காய்ந்த நாளிலும் அந்த ரயருக்கு வேலை இருக்கிறது. ஓல் சீசன் என்ற பெயரில் உள்ள எல்லாப் பருவத்துக்குள்ளும் கனடாவின் சனவரி அடங்காது.

வாங்கும்போது ரயரின் பக்கச் சுவரைப் பார்க்க வேண்டும். மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருந்தால், அது பனியில் ஓட்டிப் பரிசோதித்துத் தேறிய ரயர். எம், எஸ் என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் இருந்தால் சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பூ வடிவம் என்பதே பொருள். அதற்குப் பனிப் பரிசோதனை தேவையில்லை. பிக்கப் காரர் விரும்பிப் பூட்டுகிற தடித்த கட்டைப் பூ 'ஓல் ரெரெயின்' ரயர்களில் சிலவற்றுக்கு மலைக் குறி உண்டு. அவை ஆழமான பனியைக் கிண்டிக்கொண்டு போகும். ஆனால் வழவழத்த ஐஸில் மென்மையான வின்ரர் ரயரின் பிடிப்பை அவற்றிடம் எதிர்பார்க்கக்கூடாது. பார்க்க முரட்டுத்தனமாக இருக்கிறது என்பதற்காக வாங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அகலமான ரயரும் பனியில் அவ்வளவு நல்லதல்ல. அது பனியின் மேல் மிதக்கப் பார்க்கும். ஒடுங்கியது வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். வண்டிக்குப் பொருந்தும் அளவுகளில் ஒடுங்கியதைத் தெரிவதுதான் புத்தி.

நாலும் ஒரே வகையாக இருக்க வேண்டும். பின்சில்லுகள்தானே இழுக்கின்றன, அவற்றுக்கு மட்டும் போட்டால் போதாதா என்று காசை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் வண்டி நன்றாகப் புறப்படும், வளைவில் முன்சில்லு சொன்ன சொல் கேட்காது. முன்னுக்கு மட்டும் போட்டால் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் சுழன்று முன்னுக்கு வரும்.

பாவித்த ரயர் வாங்குவதில் பிழையில்லை, பூவின் ஆழத்தை அளந்து வாங்கினால். 4 மில்லிமீற்றருக்குக் கிட்டத் தேய்ந்த ரயரைப் பனி மூடிய வீதியில் பாவிக்க வேண்டாம் என்பது கனடியப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அறிவுரை. அளக்கும் கருவி சில டொலருக்குக் கிடைக்கும். கறுப்பு மை பூசி மினுக்கி வைத்திருப்பதைப் பார்த்து மயங்கத் தேவையில்லை.

சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. கியூபெக்கில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். மொன்றியலில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு இது பழகிப்போன விடயம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பாலான மலைப் பாதைகளில் ஒக்ரோபர் 1 இலிருந்து வேண்டும். அங்கே எம், எஸ் குறியும் செல்லும், பூ 3.5 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால். எங்கள் சனம் அதிகம் வாழும் ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016 சனவரியிலிருந்து ஒன்ராறியோவில் வின்ரர் ரயர் பூட்டியவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணக் கழிவு கொடுத்தே ஆகவேண்டும். பலர் இதைக் கேட்பதில்லை. கேட்காவிட்டால் தானாக வந்து விழாது. ஒரு பிக்கப்புக்கு நாலு ரயரும் பூட்டுக்கூலியுமாக ஆயிரம் டொலரைத் தாண்டிவிடலாம். ஆனால் ஆறு மாதம் இது, ஆறு மாதம் அது என்று மாறி ஓடுவதால் இரண்டு சோடியும் இரண்டு மடங்கு காலம் உழைக்கும். அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதிலில் அவர் ஏற்றுக்கொண்டது இந்த ஒரு வரியைத்தான்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெப்பநிலை ஐந்தரைப் பாகை குறைய ரயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ குறையும். 20 பாகையில் சரிபார்த்த ரயர், கழித்தல் 15 பாகைக் காலையில் ஆறு பிஎஸ்ஐ அளவு குறைந்திருக்கும். அளவை ஓட்டுநர் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் தாளில் பார்த்து, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது அடிக்க வேண்டும். காற்றைக் குறைத்தால் பிடிப்புக் கூடும் என்ற கதை மணலில் சரி. வீதியில் ரயர் சூடேறிக் கெட்டுப்போகும்.

மண்மூட்டை

அடுத்தது பாரம். ஒன்ராறியோவின் வன்பொருட் கடைகளில் குளிர்காலம் தொடங்கியதும் வாசலிலேயே நீளமான குழாய் மாதிரிப் பைகளில் மண் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு பை பெரும்பாலும் 60 இறாத்தல், அதாவது 27 கிலோ. பிக்கப்பின் பின்தட்டில் போடுவதற்கென்றே விற்கிறார்கள்.

மண்மூட்டை என்ற சொல் இதை வாசிக்கிற பலருக்கு எதை ஞாபகப்படுத்தும் என்று தெரிந்தே எழுதுகிறேன். சேலையை வெட்டிப் பை தைத்து, கையால் மண் அள்ளிப்போட்டு பங்கரைச் சுற்றி அடுக்கிய சனம் நாங்கள். போன வருடம் நானும் மச்சானும் இப்படி ஐந்து மூட்டை வாங்கப் போனபோது அவரின் தாயாரும் கூட வந்தார். மூட்டையின் தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதைக் காசுக்கு விக்கிறாங்களே" என்றார். பிறகு கடைக்குள் போய்விட்டார். மச்சான் ஒன்றும் பேசாமல் மூட்டைகளை ஏற்றினார்.

எவ்வளவு பாரம், எந்த இடத்தில் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சாதாரண அரை ரொன் வகைப் பிக்கப்புக்கு 100 முதல் 150 கிலோ வரை போதும். 2,000 கிலோ வண்டியில் வெறுமையாக இருக்கும்போது பின்சில்லுகளின் மேல் சுமார் 800 கிலோ இருக்கும். அங்கே 150 கிலோ கூடினால் புறப்படும் பிடிப்பு ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டக் கூடும். ஏற்றத்தில் நின்று புறப்பட இது தெரிகிற வித்தியாசம். கதவு நிலைத் தாளில் எழுதியிருக்கும் சுமை எல்லைக்குள் ஆட்களும் ஆயுதப்பெட்டியும் சேர்த்தே அடங்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

மூட்டைகளை வைக்க வேண்டிய இடம் பின் அக்சிலுக்கு நேர் மேலே, அல்லது அதற்குச் சற்று முன்னுக்கு. தட்டின் கடைக்கோடியில், வால்கதவோடு சாய்த்து வைத்தால் ஏற்றத்தராசு மாதிரி முன்பக்கம் இலேசாகிவிடும். பிறகு ஸ்ரேரிங் திருப்பினாலும் வண்டி நேரே போகும். மூட்டைகள் நகராதபடி குறுக்கே ஒரு மரச்சட்டம் வைத்தோ பட்டியால் இழுத்தோ கட்ட வேண்டும். கொங்கிறீற் கல், பழைய எஞ்சின் துண்டு என்று கண்டதைப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மோதும்போது அவை முன்னால் இருப்பவர்களின் தலைக்கு வரும். மண்மூட்டை மோதினால் உடைந்து சிந்தும், அவ்வளவுதான். அதோடு வண்டி புதைந்தால் பையை வெட்டி அந்த மண்ணையே சில்லுக்கு முன்னால் தூவலாம். வேறெந்தப் பாரமும் இந்த உதவியைச் செய்யாது. நனைந்த மண் பாறையாக உறைந்துவிடும் என்பதால் ஒரு பையையாவது நனையாமல் கூட்டுக்குள் வைத்திருப்பது நல்லது.

விழுந்த பனியே பாரம்தானே, அள்ளாமல் விடலாம் என்று சோம்பல்படக் கூடாது. அது நிலையாக இருக்காது, உருகும், காற்றில் கிளம்பிப் பின்னால் வருகிறவரின் கண்ணாடியை மூடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மண்மூட்டை புறப்பட உதவும், நிற்க உதவாது. பாரம் கூடினால் பிடிப்பும் கூடும், நிறுத்த வேண்டிய நிறையும் கூடும். நிற்பாட்டும் தூரம் குறையாது. நிற்பதற்கு ரயர்தான்.

நாலு சில்லும் இழுத்தால்?

கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஆட்கள் மாறுவது நாலு சில்லும் இழுக்கும் பிக்கப்புக்கு. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது கொடுக்கும் துணிவு ஆபத்தானது. எல்லா வண்டிக்கும் பிரேக் நாலு சில்லிலும்தான் இருக்கிறது. நாலு சில்லும் இழுத்தால் வேகமாகப் புறப்படலாம், வேகமாக நிற்க முடியாது. வீதி எவ்வளவு வழுக்குகிறது என்பதை இரண்டு சில்லு வண்டி புறப்படும்போதே சொல்லிவிடும். நாலு சில்லு வண்டி அதை மறைத்து வைத்து, அடுத்த சிவப்பு விளக்கில் சொல்லும்.

பழைய பிக்கப்புகளில் ஒரு திருகியில் 2-ஹை, 4-ஹை, 4-லோ என்று இருக்கும். இந்த வகையில் 4-ஹை போட்டால் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டுவிடும். வளைவில் முன்சில்லுகள் ஓடும் தூரமும் பின்சில்லுகள் ஓடும் தூரமும் வேறு. பனியில் சில்லு சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். காய்ந்த வீதியில் அதற்கு வழியில்லை, வண்டி முறுகி இழுக்கும், கியர்கள் அடிவாங்கும். ஆகவே பனி மூடிய வீதியில் மட்டும் 4-ஹை. 4-லோ புதைந்த வண்டியை மெல்ல எடுப்பதற்கும் செங்குத்தான ஏற்றத்துக்கும். தானாக மாறும் 'ஓட்டோ' நிலை உள்ள வண்டிகள் இதில் விதிவிலக்கு.

இரண்டு சில்லு என்று நாம் சொல்வதுகூட சில நேரம் ஒரு சில்லுதான். சாதாரண டிபரன்ஷல் பிடிப்புக் குறைந்த சில்லின் அளவுக்குத்தான் மற்றச் சில்லுக்கும் இழுவை கொடுக்கும். ஒன்று ஐஸில் சும்மா சுற்ற, காய்ந்த தாரில் நிற்கும் மற்றது அசையாது. மசி உழவு இயந்திரத்தில் காலால் மிதிக்கிற லொக் இதற்காகத்தான் இருக்கிறது. சில பிக்கப்புகளிலும் பின் டிபரன்ஷலைப் பூட்ட ஒரு பொத்தான் உண்டு. ஆமை வேகத்தில், நேராகப் போகும்போது மட்டும் பாவிக்க வேண்டும். 2011 செப்ரெம்பருக்குப் பிறகு தயாரித்து கனடாவில் விற்ற பிக்கப் என்றால் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் இலத்திரனியல் ஏற்பாடு கட்டாயம் இருக்கும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்த ஆண்டை மனதில் வைத்துத் தேடினால் நல்லது. சில நூறு டொலர் வித்தியாசத்துக்காக 2008ஐ எடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

கால், கை, கண்

மெல்லப் புறப்பட வேண்டும். கையால் மாற்றும் கியர் என்றால் இரண்டாவதில். பனியில் குரூஸ் போடக்கூடாது. ஏபிஎஸ் உள்ள வண்டியில் பிரேக் காலுக்குக் கீழே துடிக்கும், பயந்து காலை எடுக்காமல் அழுத்தியே பிடிக்க வேண்டும். பின்பக்கம் வழுக்கினால் காலை எடுத்துவிட்டு, போக வேண்டிய பக்கத்தைப் பார்த்து அந்தப் பக்கம் மெல்லத் திருப்ப வேண்டும். மோதப்போகிற கம்பத்தைப் பார்த்தால் கையும் அங்கேதான் போகும்.

பாலங்களும் மேம்பாலங்களும் வீதிக்கு முன்பே உறையும். கீழிருந்தும் காற்றுப் படுவதே காரணம். கறுப்பு ஐஸ் என்று இங்கே சொல்வது நனைந்த தார் மாதிரித்தான் தெரியும். முன்னால் போகும் வாகனத்தின் சில்லிலிருந்து தண்ணீர் சிதறாவிட்டால் அது ஐஸ் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 400 நெடுஞ்சாலையில் பரிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. ஜோர்ஜியன் குடாவிலிருந்து கிளம்பும் பனிப்புயல் பட்டை பட்டையாக வரும். வோனில் வெயில் அடிக்கும், முப்பது நிமிடத்தில் முன்னால் ஒன்றும் தெரியாது. புறப்பட முன்னர் 511 இல் ஒன்ராறியோ வீதி நிலவரம் கேட்கலாம். பொங்கல் விழாக்களும் தமிழ் மரபுத் திங்கள் நிகழ்ச்சிகளும் சனவரியில்தான் வருகின்றன. பின் இருக்கையில் குழந்தைகளும் மடியில் பொங்கல் பானையுமாகப் போகும் பிக்கப்புக்கும் இதெல்லாம் பொருந்தும்.

புதைந்துவிட்டால் அக்சிலரேற்றரை மிதிப்பது குழியை ஆழமாக்கும். சில்லைச் சுற்றி வெட்டி, மண் தூவி, ஸ்ரேரிங்கை நேராக்கி, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து எடுக்க வேண்டும். வழுக்கல் கட்டுப்பாடு எஞ்சினை அடக்கிக்கொண்டிருந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் அதை நிறுத்தலாம். எடுக்க முடியாமல் உள்ளே காத்திருக்க நேர்ந்தால், எல்லாவற்றுக்கும் முதல் இறங்கிப் போய்ப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். குழாய் மூடியிருக்க எஞ்சினை ஓடவிட்டுச் சூடு காய்ந்தால் காபன்மொனொக்சைட்டு உள்ளே வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. நித்திரை மாதிரி வந்து உயிரை எடுக்கும். இரவு வேலை முடித்துக் களைத்துப்போய் வண்டிக்குள் சாய்கிற தம்பிமார் இதை ஒருதரம் திருப்பி வாசிக்க வேண்டும். ஒரு சவள், கம்பளி, ரோச், பூஸ்ரர் கேபிள் வண்டியில் இருக்கட்டும். பெற்றோல் பாதித் தாங்கிக்குக் கீழே இறங்க விட வேண்டாம்.

ஏப்ரலில் வெப்பநிலை தொடர்ந்து 7 பாகைக்கு மேலே நிற்கத் தொடங்கியதும் ரயரை மாற்றலாம், மூட்டைகளையும் இறக்கிவிடலாம். வீணாகச் சுமந்தால் பெற்றோல் செலவு. எந்தப் பருவத்தில் சில்லு மாற்றினாலும், ஒரு 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கராஜ்களில் இதற்குக் காசு வாங்கமாட்டார்கள்.